கடல்மேடையைச் சுற்றி 500 மீட்டர்



நாம் கூடியிருக்கும் இந்த மயிலாப்பூர் மண்டபத்திலிருந்து கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். கலங்கரை விளக்கத்தடியிலிருந்து காந்தி சிலையை நோக்கி நடந்து, ஏறத்தாழப் பாதி வழியில் நின்றுகொள்ளுங்கள். அதுதான் 500 மீட்டர். நடுக்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஒவ்வொரு மேடையைச் சுற்றியும் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் பாதுகாப்பு மண்டலத்தின் அகலம் இவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் அனுமதியில்லாத எந்தக் கலமும் நுழையக் கூடாது. இந்த ஒரு விதியைப் பற்றித்தான் இன்று மாலை பேச வந்திருக்கிறேன்.

மெரினாவில் நின்று பார்த்தால் எண்ணெய் மேடை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இது பம்பாய்க்காரர்களின் விஷயம் என்று சென்னையில் பலரும் நினைக்கிறோம். ஆனால் காவிரிப் படுகையின் கடல் வயல்களை நடத்தும் முடிவுகள் இந்தப் பேட்டைகளில்தான் எடுக்கப்பட்டன. பி.ஒய்.-3 எண்ணெய் வயலை நடத்திய ஹார்டி நிறுவனத்தின் அலுவலகம் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருந்தது. பி.ஒய்.-1 எரிவாயு வயலை நடத்தும் இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளொரேஷன் நிறுவனம் ஆழ்வார்பேட்டை செயின்ட் மேரீஸ் சாலையிலிருந்து இயங்கியது. பரங்கிப்பேட்டைக்கு எதிரே கடலில் ‘சன்’ என்று பெயரிட்ட மேடை நிற்கிறது. அதிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் நீளமான குழாய் கடலடியில் கிடந்து, திருக்கடையூருக்குப் பக்கத்தில் பிள்ளைப்பெருமாநல்லூரில் கரையேறுகிறது. 2009-இல் அங்கு எரிவாயு வரத் தொடங்கியது. கடல்மேடைகளின் எஃகுக் குழாய் இணைப்புகள் அலை அடித்து அடித்து எப்போது சோர்ந்து விரிசல் விடும் என்று சோதிக்கும் கூடம் தரமணியில், கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே பெருங்கடல் பொறியியல் துறை இருக்கிறது. மேடையின் எஃகைப் பற்றி அடையாறுக்கும் தரமணிக்கும் இடையே தெரியாதது குறைவு. மேடையைச் சுற்றியுள்ள தண்ணீரின் சட்டத்தைப் பற்றி நாம் பேசியதுதான் போதாது.

சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன், தம் நாட்டுக் கடற்கரையை ஒட்டிய கண்டத்திட்டின் இயற்கை வளம் தம் நாட்டுக்குரியது என்று பிரகடனம் செய்தார். இரண்டே ஆண்டில், 1947-இல், லூயிசியானாவுக்கு அப்பால் கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் ஒரு மேடை எண்ணெய் எடுத்தது. அதுவரை அத்தனை தொலைவுக் கடலில் நிலையாக நிற்பவை பெரும்பாலும் தீவும் பாறையும்தான். இப்போது மனிதன் நிறுத்திய இரும்பும் நின்றது. அதன்மேல் ஆட்கள் தூங்கினார்கள், அடியில் எரிபொருள் அழுத்தத்தோடு ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது என்ற கேள்விக்கு 1958-இல் ஜெனீவாவில் கையெழுத்தான கண்டத்திட்டு உடன்படிக்கை 500 மீட்டர் என்று பதில் எழுதியது. 1982-இன் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை அதே எண்ணை 60-ஆவது பிரிவில் எடுத்துக்கொண்டது. இந்தியா அதை 1995-இல் ஏற்றது.

அந்த 60-ஆவது பிரிவைச் சட்ட மாணவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் 500 என்ற எண்ணோடு படிப்பை நிறுத்திவிடுகிறோம். கரையோர நாடு தேவைப்படும் இடத்தில் மண்டலம் அமைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. அமைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மண்டலம் நியாயமான அளவில் இருக்க வேண்டும், மேடையின் தன்மைக்கும் பயனுக்கும் பொருந்த வேண்டும், வெளிவிளிம்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அளக்கப்பட வேண்டும். சர்வதேசக் கப்பல் போக்குவரத்துக்கு இன்றியமையாத வழித்தடத்தை அது மறிக்கக் கூடாது. மேடைக்குத் தீவின் அந்தஸ்து கிடையாது. அதற்கெனத் தனி நாட்டெல்லைக் கடல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மண்டலத்தின் பரப்பு உரிய முறையில் அறிவிக்கப்பட வேண்டும். எல்லாக் கப்பல்களும் மண்டலத்தை மதிக்க வேண்டும் என்ற வாக்கியம் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. முதலில் அறிவிப்பு, பிறகு கீழ்ப்படிதல். நம் நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே என் வாதம்.

இந்தத் தூரம் என்ன காரியம் செய்கிறது? 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல், வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் 500 மீட்டரை 81 வினாடியில் கடந்துவிடும். 20 நாட் வேகத்தில் வரும் கப்பலுக்கு 49 வினாடி போதும். பெரிய டேங்கர் ஒன்று முழு வேகத்திலிருந்து நிற்பதற்குப் பல கிலோமீட்டர் வேண்டும். அப்படியானால் வட்டத்தின் விளிம்பில் தவறைக் கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. மண்டலம் மோதலைத் தடுக்கும் சுவர் அல்ல. அது ஒரு சட்டக் கோடு. அதைத் தாண்டியவரை விசாரிக்கலாம், விலக்கலாம், தண்டிக்கலாம். மோதலைத் தடுப்பது அந்தக் கோட்டுக்கு வெகு முன்னாலேயே, மாலுமியின் தலைக்குள் நடக்க வேண்டும். அவனுக்கு மேடை இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

500 மீட்டர் போதாது, விரிவாக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பில் சில நாடுகள் கேட்டதுண்டு. 2010-இல் அதன் கப்பலோட்டப் பாதுகாப்புத் துணைக்குழு, விரிவாக்கும் தேவை நிறுவப்படவில்லை என்று முடிவெடுத்தது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். வட்டத்தைப் பெரிதாக்கினால் கடலில் பிழைப்பவரின் இடம் சுருங்கும். பெரிய ஆபத்து வட்டத்துக்குள்ளேயேதான் இருக்கும். ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

2005 ஜூலை 27. மும்பை நகரத்தை மூழ்கடித்த பெருமழைக்கு மறுநாள். மும்பை ஹை எண்ணெய் வயலின் வடக்கு வளாகத்துக்கு அருகே ஓ.என்.ஜி.சி.யின் ‘சமுத்ர சுரக்ஷா’ என்ற பல்நோக்குக் கப்பல் பணியில் இருந்தது. அதன் சமையல்காரர் ஒருவருக்கு விரல்களில் வெட்டுக்காயம். அவரை மேடைக்கு மாற்றி மருத்துவம் பார்க்க வேண்டும். பருவமழைக் காற்றில் ஹெலிகாப்டர் பறக்க வழியில்லை. காற்றுக்கு மறைவான பக்கத்தில் மேடையின் கிரேன் இயங்கவில்லை. எனவே காற்றும் அலையும் தள்ளும் பக்கமாகக் கப்பல் மேடையை நெருங்கியது. காயம்பட்டவரைக் கூடையில் தூக்கி மேடையில் ஏற்றியாயிற்று. கப்பல் விலகும்போது அலை அதைத் தூக்கி அடிக்க, அதன் பின்புற ஹெலிகாப்டர் தளம் மேடையின் ரைசர்களில் மோதியது. ரைசர் என்பது கடலடியிலிருந்து எண்ணெயையும் வாயுவையும் மேலே கொண்டுவரும் நெட்டைக் குழாய். அது உடைந்தது, வாயு பீறிட்டுத் தீப்பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மேடை உருகிக் கடலில் விழுந்தது. 22 பேர் போனார்கள். 362 பேரைக் கடற்படையும் கடலோரக் காவற்படையும் மற்றக் கப்பல்களும் காப்பாற்றின. கப்பலின் அழுத்த அறைக்குள் இருந்த ஆறு முக்குளிப்பவர்களை உடனே வெளியே எடுக்க முடியவில்லை; அவர்கள் மறுநாளுக்கும் பிறகுதான் மீட்கப்பட்டார்கள்.

அந்தக் கப்பல் அத்துமீறி நுழைந்ததல்ல. அனுமதி பெற்ற கப்பல், மேடைக்குச் சொந்தமான நிறுவனத்தின் கப்பல். பாதுகாப்பு மண்டலம் அதற்குப் பொருந்தவே இல்லை. ஆபத்து மண்டலத்துக்குள்ளேயே குடியிருந்தது. ரைசர்களை மேடையின் வெளிப்புறத்தில், கப்பல் அணையும் பக்கத்தில், காப்பில்லாமல் வைத்திருந்ததைப் பற்றி அன்று பொறியாளர்கள் எழுப்பிய கேள்வி இன்றைக்கும் கேட்கத் தக்கது.

இரண்டாவது சாட்சி 2021 மே மாதம், டவ்தே புயல். மும்பைக்கு அப்பால் உள்ள ஹீரா எண்ணெய் வயலில் வேலை செய்துகொண்டிருந்த பி-305 என்ற தங்கும் பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். புயல் வருகிறது என்று எச்சரிக்கை வந்தது. ஆளில்லா மேடை ஒன்றிலிருந்து 200 மீட்டர் மட்டும் விலகி நின்றால் போதும் என்று பார்ஜின் தலைவர் முடிவெடுத்ததாக ஒப்பந்த நிறுவனம் பிறகு தெரிவித்தது. நங்கூரங்கள் அறுந்தன. பார்ஜ் ஒரு மேடையில் மோதி ஓட்டையாகி மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். 200 மீட்டர் என்ற அந்தத் தூரத்தைக் கவனியுங்கள். அது பாதுகாப்பு மண்டலத்துக்கு நன்றாக உள்ளே. வேற்று ஆள் ஒருவர் நல்ல வானிலையில் ஃபைபர் படகில் அந்த இடத்துக்குப் போயிருந்தால் குற்றவாளி. பொங்கும் கடலில் இருநூற்றுச் சொச்சம் பேரோடு ஒரு பார்ஜ் அங்கே நிற்க, அதே சட்டம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புயல் வேளையில் அனுமதி பெற்ற கலங்களும் வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற கடமையை மண்டல விதியோடு சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். இறந்தவர்கள் வெல்டர்கள், உதவியாளர்கள், சமையல்காரர்கள். நாடு முழுவதிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள்.

இனி நம் கரைக்கு வருகிறேன்.

மேடையின் கால்களில் பாசியும் சிப்பியும் பிடிக்கும். அதைத் தின்னச் சிறு மீன் வரும், நிழலுக்கும் ஒதுங்கும். சிறு மீனைத் தேடிப் பாரையும் வஞ்சிரமும் வரும். ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறை இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பது கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். சட்டம் விலகிப் போ என்று சொல்கிற இடமும், தொழில் வா என்று அழைக்கிற இடமும் ஒன்றாக இருக்கின்றன. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் நிறுத்திய தரவு மிதவைகளுக்கும் இதே நிலைதான். மிதவையைச் சுற்றி மீன் கூடும், படகுகள் அதில் கயிறு கட்டும், கருவிகள் சேதமாகும். சேதத்தைக் குறைக்க அந்த நிறுவனம் மீனவ கிராமங்களுக்குப் போய்ப் பேசியது. புயலை முன்கூட்டிச் சொல்வது இந்த மிதவைதான் என்று விளக்கியது. அந்தப் பாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் மீன் ஆசையில் வட்டத்துக்குள் போகிறவரை விட, போக விரும்பாமலே உள்ளே இழுக்கப்படுகிறவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வழிவலை போடும் படகை எண்ணிப் பாருங்கள். பொழுது சாயும்போது வலையை விடுகிறார்கள். அது கிலோமீட்டர் கணக்கில் நீளும். படகு வலையின் ஒரு நுனியில் கட்டப்பட்டிருக்கிறது, இஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கிறது, நீரோட்டத்தோடு வலையும் படகும் இரவெல்லாம் போகின்றன. அந்த நீரோட்டத்தை வன்னி என்றும் தெண்டி என்றும் பிரித்து அறிந்தவர்கள்தான் அவர்கள். இருந்தாலும் ஒரு நாட் நீரோட்டத்தில் வலை 16 நிமிடத்தில் 500 மீட்டர் நகர்ந்துவிடும். நான்கு மணி நேரத்தில் 7 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். படகு வட்டத்துக்கு வெளியே இருக்கும்போதே வலையின் மறுநுனி மேடையின் காலில் சுற்றிக்கொள்ளும். கப்பல்கள் மண்டலத்தை மதிக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கை. வலையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அறுத்துவிட்டு வந்தால் முதல் போச்சு. மீட்கப் போனால் சட்ட மீறல். வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்ட வலைக்கு முன்னால் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

மேடை தன் இருப்பை அறிவிக்கிறது என்று சிலர் பதில் சொல்லலாம். உண்மைதான். கடலில் நிற்கும் மேடைக்கு வெள்ளை விளக்கு உண்டு. அது மோர்ஸ் குறியீட்டில் யு என்ற எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: இரண்டு குறுகிய மின்னல், ஒரு நீண்ட மின்னல், பிறகு இருட்டு. மூடுபனியில் அதே தாளத்தில் ஊதுகொம்பு ஒலிக்கும். சர்வதேசச் சைகைத் தொகுப்பில் அந்த எழுத்துக்குப் பொருள், நீ ஆபத்தை நோக்கிப் போகிறாய் என்பது. எச்சரிக்கை நல்லதுதான். விளக்கைப் பார்க்கிறவருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று புரியும். ஆனால் அதன் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்கு ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் போனால் வழக்கு என்பதை அந்த விளக்கு சொல்லாது. தண்ணீரில் கோடு கிடையாது.

கோடு எழுதப்பட்டிருப்பது காகிதத்தில். டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாலுமிகளுக்கான அறிவிப்பை வெளியிடுகிறது. புதிய மேடை, நகர்ந்த துளைப்புக் கலம், அணைந்த விளக்கு எல்லாம் அதில் வரும். அவசரமானவை வானொலி வழியாகப் போகின்றன. கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் அதிகாரிக்கு இது சிறந்த ஏற்பாடு. அவர் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றவர். அறிவிப்பைப் பார்த்துத் தன் வரைபடத்தைத் திருத்துவது அவருடைய அன்றாட வேலை. நாகப்பட்டினத்து விசைப்படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு அது எப்படி உரிய அறிவிப்பு ஆகும்? 60-ஆவது பிரிவு கேட்பது உரிய அறிவிப்பை. யாருக்கு அறிவிக்கிறோமோ அவருக்குப் போய்ச் சேரும் மொழியிலும் வழியிலும் இருந்தால்தான் அது உரியது. இந்த வாதத்தை இதே நகரத்தின் நீதிமன்றத்தில் ஒருநாள் யாராவது முன்வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். 1976-இன் கடல் மண்டலங்கள் சட்டத்தில், பொருளாதாரக் கடல் மண்டலத்தைப் பற்றிய 7-ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 5-ஆம் உட்பிரிவு, மத்திய அரசின் உரிமமோ உடன்படிக்கையோ இல்லாமல் அந்த மண்டலத்தின் வளத்தை யாரும் எடுக்கக் கூடாது என்கிறது. உடனே ஒரு விலக்கு வருகிறது: இந்தியக் குடிமகன் மீன் பிடிப்பதற்கு இது பொருந்தாது. அடுத்த, 6-ஆம் உட்பிரிவு, மத்திய அரசு அறிவிக்கை மூலம் சில பகுதிகளைக் குறிப்பிட்ட பகுதிகளாக அறிவித்து, அங்குள்ள கடல்மேடைகளின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. மீனவரின் விலக்கும் மேடையின் காப்பும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. மேடைக்கு முன்பே அந்தக் கடலில் மீனவர் இருந்தார். உரிமம் கேட்க வேண்டாத ஒரே ஆளாக நாடாளுமன்றம் அவரை அடையாளம் கண்டது. அவருடைய இடத்தில் ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளும்போது அவருக்குச் சொல்லவும், இழப்பு நேர்ந்தால் ஈடுகட்டவும் கடமை எழுகிறது என்பதே என் வாசிப்பு.

இதோடு 2002-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இருக்கிறது. கப்பலோட்டத்தின் பாதுகாப்புக்கும் கண்டத்திட்டின் நிலையான மேடைகளுக்கும் எதிரான சட்டவிரோதச் செயல்களை ஒடுக்கும் சட்டம். வேண்டுமென்றே மேடையைத் தகர்ப்பவருக்கு ஆயுள் சிறை, உயிர்ச்சேதம் நேர்ந்தால் மரண தண்டனை. பயங்கரவாதத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது; அதற்கான தேவையை 2008 நவம்பரில் மும்பை கண்டது. கடல்வழியாக, கடத்திய மீன்பிடிப் படகில்தான் அந்தப் பயங்கரவாதிகள் வந்தார்கள். அதற்குப் பிறகு மேடைகளைக் காக்கும் கடற்படையினர் ஒவ்வொரு மீன்பிடிப் படகையும் ஐயத்தோடு பார்ப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மேடையில் வேலை செய்பவருக்கு நெருங்கி வரும் படகில் இருப்பது வலையா வெடிமருந்தா என்று தெரியாது. அவர்களுடைய அச்சமும் நியாயமானதே. அந்த அச்சத்தைக் குறைக்கும் வழியும், படகில் இருப்பவருக்கு வட்டம் எங்கே என்று தெரியவைப்பதுதான். தெரிந்தவர்கள் விலகிப் போய்விட்டால், மீறி வருபவரைத் தனியே அடையாளம் காணலாம்.

யார் சொல்ல வேண்டும் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொருள். அதற்கு அப்பால் மத்திய அரசின் பொருள். தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் விசைப்படகுகளைக் கரையை ஒட்டிய கடலுக்கு வெளியே நிறுத்துகிறது. தடைக்காலத்தைப் பற்றி, டோக்கனைப் பற்றி, மானிய டீசலைப் பற்றிப் படகுக்காரர் பேசுவதெல்லாம் மாநில மீன்வளத் துறையோடுதான். மேடை நிற்கும் தண்ணீரை ஆள்வதோ டெல்லி. ‘என்ரிகா லெக்ஸி’ வழக்கில், 2012-இல் கேரளக் கரைக்கு அப்பால் இரண்டு மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த இடத்தில் மாநிலத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2020-இல் நம் சட்டப்பேரவை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோதும் அது நிலத்தைத்தான் காத்தது. அதே டெல்டாவின் கடல் முகத்துக்கு அந்தச் சட்டம் நீளவில்லை, நீளவும் முடியாது. எனவே மத்திய அரசு அறிவிக்க, மாநிலத் துறை கொண்டுசேர்க்க என்று இருவரும் கைகோத்தால்தான் காரியம் நடக்கும்.

கருவி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் தமிழ்நாட்டுப் படகுகளில் பொருத்தப்படுகின்றன. வட்டார மொழியில் செய்தி வரும். சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவ நண்பன் செயலி தமிழில் அலை உயரம் சொல்கிறது, எல்லை எச்சரிக்கை தருகிறது. இலங்கை எல்லைக் கோட்டைக் கைபேசிக்குள் வரைய முடிந்த நமக்கு, மேடைகளைச் சுற்றி 500 மீட்டர் வட்டங்களையும் வரைய முடியும். துளைப்புக் கலம் இடம் மாறும்போது வட்டமும் மாற வேண்டும். அதைச் செய்ய ஓர் எழுத்தர் போதும்.

குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. பாதுகாப்பு மண்டலம் மேடையைச் சுற்றித்தான். மேடையிலிருந்து கரைக்கு ஓடும் குழாய்க்கு அது கிடையாது. 1997 மார்ச்சில் வட கடலில் ‘வெஸ்ட்ஹேவன்’ என்ற மீன்பிடிப் படகின் இழுவலை, கடலடியில் மண் அரித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குழாயில் மாட்டியது. படகு கவிழ்ந்து நான்கு பேரும் இறந்தார்கள். அவர்கள் எந்த வட்டத்தையும் மீறவில்லை. நம் கரையில் இழுவலைப் படகுகள் நிறைய. நீரோட்டம் மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று புதைந்திருந்த குழாய் நாளை வெளியே தெரியலாம். குழாய் எங்கே புதைந்திருக்கிறது, எங்கே தொங்குகிறது என்று நிறுவனங்கள் அவ்வப்போது அளப்பது தம் குழாயைக் காப்பதற்காக. அந்த அளவையை மீனவர் சங்கங்களுக்கும் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

மண்டலத்தை அரசு தன் விருப்பப்படி நீட்ட முடியாது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2013 செப்டம்பரில் ரஷ்யாவின் பிரிராஸ்லோம்நயா மேடையில் கிரீன்பீஸ் அமைப்பினர் ஏற முயன்றார்கள். மறுநாள் ரஷ்யப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி ‘ஆர்க்டிக் சன்ரைஸ்’ கப்பலையும் அதிலிருந்த 30 பேரையும் பிடித்தார்கள். நெதர்லாந்து வழக்குத் தொடுத்தது. 2015 ஆகஸ்டில் நடுவர் மன்றம், மேடையைச் சுற்றி மூன்று கடல் மைல் என்ற அறிவிப்பால் கப்பல்களைக் கட்டாயப்படுத்த முடியாது, 500 மீட்டர்தான் எல்லை என்ற நிலையை எடுத்தது; கப்பலைப் பிடித்தது சட்டப்படி செல்லாது என்றது. கடலில் எதிர்ப்பைத் தெரிவிப்பது கடலின் சட்டபூர்வமான பயன்பாடு என்றும், அதற்கு வரம்பு உண்டு என்றும் சொன்னது. குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடல் தொகுதிகள் எண்ணெய் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டு, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துவரும் இந்நாளில் இதை அவர்களுடைய வழக்கறிஞர்கள் கையில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, மேடை போன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பி.ஒய்.-3 வயலில் 1997-இல் உற்பத்தி தொடங்கியது. 2011-இல் நின்றது. மிதக்கும் உற்பத்திக் கலம் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டது. எடுக்கும் கலம் போன பிறகும் கடலடிக் கிணறுகள் அங்கேயே இருந்தன. மேலே விளக்கு இல்லை, ஊதுகொம்பு இல்லை; கீழே இரும்பு இருந்தது. 1989 அக்டோபரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இரண்டு தீர்மானங்களை ஒரே நாளில் நிறைவேற்றியது. ஒன்று பாதுகாப்பு மண்டலங்களைப் பற்றியது. மற்றொன்று கைவிட்ட மேடைகளை அகற்றுவதைப் பற்றியது: 75 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் நிற்கும், மேல்தளம் நீங்கலாக 4,000 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள கட்டமைப்புகளை முழுதாக எடுத்துவிட வேண்டும், 1998-க்குப் பிறகு நிறுவியவற்றுக்கு அந்த ஆழம் 100 மீட்டர். முதல் தீர்மானத்தை நாம் மீனவருக்கு எதிராக நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதை நிறுவனங்களுக்கு நினைவூட்டும் வழக்கமும் வர வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். கடல் மண்டலங்கள் சட்டத்தின் கீழ் எந்தெந்த மேடைக்கு அறிவிக்கை வெளியாகியிருக்கிறது, அதன் அட்சரேகை தீர்க்கரேகை என்ன, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று அரசிதழ்களைப் பார்த்துப் பட்டியல் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைத்ததைத் தமிழில், படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவியில் போடும் விதத்தில், கடலூரிலும் தரங்கம்பாடியிலும் நாகையிலும் மீன்பிடித் துறைமுகத்து ஏலக்கூடச் சுவரில் ஒட்டுங்கள். அறிவிக்கையே இல்லாத இடத்தில் மீனவர் மீது வழக்குப் போட்டிருந்தால் அந்த வழக்கை எடுத்து நடத்துங்கள். வலை போனவர் ஈடு கேட்டு வந்தால், வலையை அறுத்தது சப்ளை கப்பல் என்றால், 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டத்தின் கீழ் அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வரும்போது உயர் நீதிமன்றத்தில் அதைத் தடுத்து வைக்க மனுப் போடலாம். நிலையான மேடையால் போன வலைக்கு அந்தக் கதவு திறக்காது. மேடை கப்பல் அல்ல. அதற்கு உரிமையியல் வழக்கு வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் உரிமம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் வலை இழப்புக்கு ஈடு தரும் விதியைச் சேர்க்கச் சொல்லிப் பெட்ரோலிய அமைச்சகத்துக்கு எழுத வேண்டும் என்கிறேன். குமரிக்குத் தெற்கே முதல் துளைப்புக் கலம் நங்கூரமிடுவதற்கு முன் அந்த விதி ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும்.